தணலில் வாட்டிய மக்காச்சோளம்

மாலை ஐந்து மணிக்கு மேல் மெரினா மணலில் இறங்கினால், கடல் காற்றோடு சோளம் வாட்டும் வாசனையும் சேர்ந்து வரும். தள்ளுவண்டியின் மேல் ஓர் இரும்புச் சட்டி, அதில் கனன்றுகொண்டிருக்கும் கரி. ஒரு கை விசிற, இன்னொரு கை கதிர்களைத் திருப்பிக்கொண்டே இருக்கும். வாங்க வருபவர்கள், "அண்ணே, இளசா பார்த்து ஒண்ணு குடுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். வியாபாரி குவியலில் கைவிட்டு ஒரு கதிரை எடுப்பார். உறையைக் கொஞ்சம் விலக்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு மணியை அழுத்திப் பார்த்துவிட்டுத் தணலில் வைப்பார்.

மற்ற எல்லா முடிவுகளும் அந்த நகத்தின் அழுத்தத்திலிருந்தே வருகின்றன. கதிர் இளசா, முத்தலா என்பது தெரிந்தால்தான் தணல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் வாட்ட வேண்டும், உறையோடு வைப்பதா உரித்து வைப்பதா என்பதெல்லாம் தெரியும். கோடை விடுமுறையில் மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ உறவினர்களைக் கூட்டிச் சோளம் சுட நினைப்பவர்கள் மசாலா டப்பாவைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் காய்கறிச் சந்தை.

இளசும் முத்தலும்

மக்காச்சோளத்தின் இனிப்பு செடியில் இருக்கும்போது உச்சத்தில் இருக்கும். பறித்த நொடியிலிருந்து மணிக்குள் இருக்கும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. சாதாரண இனிப்புச் சோளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரே ஒரு நாள் கிடந்தால், அதன் சர்க்கரையில் பாதிக்கும் மேல் மாவாகிவிடும். கிட்டத்தட்ட உறைநிலைக் குளிரில் வைத்தால் அதே ஒரு நாளில் மிகச் சிறிய பங்குதான் மாறும். நம்மூர் ஏப்ரல், மே மாத வெயிலில் சாக்கு மூட்டைக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்த கதிர் மாலையில் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு அமெரிக்காவில் கிடைத்தது. 1950களில் இல்லினாய் பல்கலைக்கழக மரபியலாளர் ஜான் லாக்னன், காய்ந்தால் சுருங்கிப்போகும் ஒருவகை மக்காச்சோள மணிகளை வாயில் போட்டு மென்று பார்த்தார். அவை வழக்கத்துக்கு மாறாக இனித்தன. அந்த மரபுப் பண்பைக் கொண்டு உருவான ரகங்களில் சர்க்கரை அதிகம். அது மாவாக மாறும் வேகமும் குறைவு. இன்று நம் கடைகளில் 'ஸ்வீட் கார்ன்' என்ற பெயரில் விற்கும் கதிர்களில் பல இந்த வழியில் வந்தவை. வாங்கிய மறுநாள் சுட்டாலும் இவை ஏமாற்றுவதில்லை.

நாட்டு ரகம் என்று சந்தையில் சொல்லப்படுவது வேறு. பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் பக்கங்களில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கதிரிலேயே காய்ந்து, மணியாக உதிர்க்கப்பட்டு, நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்குப் போகிறது. அந்தக் கதிரைப் பால் பிடித்த பருவத்தில் ஒடித்தால் அருமையான சுட்ட சோளம் கிடைக்கும். இனிப்பு குறைவு. ஆனால் மெல்ல மெல்ல மாவும் மணமுமாக வாயில் கரையும் சுவை அதற்கு மட்டுமே உண்டு. ஒரு வாரம் தாமதித்தால் அது தீவனம்தான். எந்த நெருப்பும் அதை மிருதுவாக்காது. கென்யத் தலைநகர் நைரோபியின் சாலையோரங்களில் கரியில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவித் தருவதும் இப்படிப்பட்ட மாவுச்சத்து மிகுந்த வெள்ளை மக்காச்சோளம்தான். அங்கே மென்று தின்பதே அதன் ருசி.

சந்தையில் கதிர் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

உறை பச்சையாக, கதிரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வெளிறி, காகிதம் போலச் சலசலத்தால் பறித்து நாளாகிவிட்டது.

நுனிக் குஞ்சம் பழுப்பாகிக் காய்ந்திருக்கலாம். ஆனால் உறைக்குள் நுழையும் இடத்தில் ஈரமும் பிசுபிசுப்பும் இருக்க வேண்டும். குஞ்சம் முழுக்கப் பச்சை மஞ்சளாக இருந்தால் மணி இன்னும் திரளவில்லை.

நகத்தால் அழுத்தும்போது நாட்டுக் கதிரில் பால் பீறிட வேண்டும். தண்ணீராக வந்தால் பிஞ்சு. பிசைந்த மாவு போல வந்தால் முத்தல். ஸ்வீட் கார்னில் மட்டும் சாறு சற்றுத் தெளிவாகவே இருக்கும். அதைப் பிஞ்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

நுனியில் சில மணிகள் இல்லாமல் பொக்கையாக இருப்பதைப் பார்த்து நோய் என்று பயப்படத் தேவையில்லை. குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் உள்ளே ஒரு மணிக்கான வழி. எந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ, அந்த மணி உருவாகாது. நுனி மணிகளின் இழைகள் கடைசியில் வெளிவருவதால், பொக்கை அங்கேதான் விழும்.

வாங்கியதும் உறையை உரிக்காமல், பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். உறைதான் மணியின் ஈரத்தைக் காக்கும் போர்வை. கடைக்காரர் உரித்துத் தந்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். சுடும் நாள் வரை அந்தச் சலுகையை மறுப்பது நல்லது.

தணல் தயாராகும் வரை

சோளத்தைச் சுடுவது தணல். எரியும் சுவாலையில் பிடித்தால் மணியின் தோல் கருகும், உள்ளே பச்சையாக நிற்கும். மணிக்குள் நீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. மேற்பரப்பு உலர்ந்து, 140 டிகிரிக்கு மேல் ஏறும்போதுதான் பொன்னிறமும், வறுத்த வாசனையும் பிறக்கின்றன. உள்ளே வேகவும் வெளியே உலரவும் நேரம் வேண்டும். அதைத் தருவது நீறு பூத்த கரி.

6 கதிர்களுக்கு 1 முதல் 1.5 கிலோ மரக்கரி போதும். கொட்டாங்குச்சியும் நன்றாகத் தணல் பிடிக்கும். தேங்காய் நாரும் பன்னாடையும் பற்றவைக்க உதவும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் வேண்டாம். முதல் ஆபத்து தீ. இரண்டாவது, அந்த நாற்றம் சோளத்தில் ஏறிவிடும். பற்றவைத்த பின் 20 முதல் 30 நிமிடம் காத்திருந்தால் கரியின் மேல் சாம்பல் வெளுக்கும், உள்ளே சிவப்பு தெரியும். அதுதான் அடையாளம்.

சூட்டை அறியக் கையே போதும். கம்பி வலைக்கு மேல் அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி, நிதானமாக எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க நேர்ந்தால் சூடு அதிகம். ஐந்து, ஆறு வரை தாங்கினால் சோளத்துக்கு ஏற்ற நடுத்தரச் சூடு.

கரியைச் சட்டி முழுக்கப் பரப்பாமல் ஒரு பக்கமாகக் குவிப்பது வெளிச் சமையலில் பழகியவர்களின் வழக்கம். ஒரு பாதியில் கடும் சூடு, மறு பாதியில் இதமான சூடு. சூடான பக்கத்தில் நிறம் ஏற்றி, இதமான பக்கத்தில் வேகவிடலாம். விருந்தினர் தாமதித்தால் கருகாமல் அங்கேயே காத்திருக்கவும் வைக்கலாம்.

மூன்று வழிகள்

உரித்து நேராகத் தணலில். மெரினா வழி இது. உறையையும் நாரையும் முழுக்க நீக்கிவிட்டு வாட்ட வேண்டும். இளசான ஸ்வீட் கார்னுக்கு 8 முதல் 12 நிமிடம். கதிரில் மணி வரிசைகள் இரட்டைப்படையிலேயே இருக்கும். பல கதிர்களில் 16. கால் வட்டம் திருப்பினால் ஒவ்வொரு முறையும் நான்கு வரிசை தணலைப் பார்க்கும். இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கால் திருப்பாக நான்கு முறை திருப்பினால் முழுக் கதிரும் சமமாக வாடும். அங்கங்கே கரும்புள்ளி விழுவது அழகு. கறுப்பு திட்டுத்திட்டாகப் பரவினால் கசப்பு. வாட்டும்போது சில மணிகள் பட்டென்று வெடிக்கும். உள்ளே ஆவியான நீர் தோலைக் கிழிக்கும் சத்தம் அது. குழந்தைகளை ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான்.

உறையோடு. அமெரிக்கத் தோட்ட விருந்துகளில் அதிகம் காணப்படும் முறை. மினசோட்டா மாநிலப் பெருஞ்சந்தையில் கதிர்களை உறையோடு வாட்டி, உறையைப் பின்னுக்கு மடக்கிக் கைப்பிடியாக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருகிறார்கள். வீட்டில் செய்யும்போது உறையைக் கழற்றாமல் பின்னுக்கு விரித்து, நாரை மட்டும் பறித்துவிட்டு, மறுபடி மூடி, 15 நிமிடம் தண்ணீரில் ஊறவைக்கலாம். ஈரமான உறை உடனே தீப்பிடிக்காது. உள்ளே கதிர் ஆவியில் வேகும். 15 முதல் 20 நிமிடம் போதும். இதில் மணி சாறு ததும்ப இருக்கும், ஆனால் சுட்ட வாசனை குறைவு. கடைசி இரண்டு நிமிடம் உறையை விலக்கித் தணலைக் காட்டினால் இரண்டும் கிடைக்கும்.

அலுமினியத் தாளில் சுற்றி. வெண்ணெயும் பூண்டும் உள்ளே வைத்து இறுக்கிச் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். கூட்டம் அதிகமாக இருக்கும்போது வசதி. வாட்டுவதைவிட வேகவைப்பதற்கே இது நெருக்கமானது.

நாட்டுக் கதிர் சற்று முத்தலாகக் கிடைத்துவிட்டால் மேலே சொன்ன நேரக்கணக்கு எதுவும் பொருந்தாது. மாவுச்சத்து வேக நீரும் சூடும் சேர்ந்து வேண்டும். வறண்ட தணல் அந்த நீரையும் பறித்துவிடும். முதலில் குக்கரில் தண்ணீர் விட்டு இரண்டு, மூன்று விசில் வைத்து, ஈரம் துடைத்து, பிறகு 5 நிமிடம் தணலில் காட்டினால் நல்ல கதிராகத் திரும்பி வரும்.

மசாலா ஏறும் நேரம்

மெரினா வியாபாரி எலுமிச்சையை இரண்டாக வெட்டி, அரை மூடியை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தில் தோய்த்து, சுட்ட கதிரின் மேல் அழுத்தித் தேய்க்கிறார். அந்த அரை எலுமிச்சை ஒரே நேரத்தில் பிரஷ், பசை, புளிப்பு மூன்றுமாக வேலை செய்கிறது. எண்ணெய் இல்லாத கதிரில் தூள் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு அதை ஒட்டவைக்கிறது. தணலிலிருந்து எடுத்த பிறகு அவர் இதைச் செய்வதையும் கவனிக்க வேண்டும். மிளகாய்த்தூளை முன்பே தடவிச் சுட்டால் நெடி ஏறி மாடியில் இருக்கும் எல்லோரும் இருமுவார்கள். தூளும் கருகிக் கசக்கும்.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. தூள்களும் இனிப்பும் கருகும், அதனால் கடைசியில். நெய் சூட்டைத் தாங்கும், அதனால் முன்பே. வெண்ணெய்க்குள் நீரும் பால் துகள்களும் இருப்பதால் அது தணலில் விரைவில் கருகிப் புகையும். அவற்றை நீக்கி உருக்கிய நெய்க்கு அந்தக் குறை இல்லை. சுடும்போது நெய், பரிமாறும்போது வெண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம்.

6 கதிர்களுக்கு நான்கு வகை மசாலா:

கடற்கரைக் காரம். தூள் உப்பு 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, எலுமிச்சை 3. நிறம் வேண்டும், காரம் குறைவாக வேண்டும் என்றால் பாதி காஷ்மீரி மிளகாய்த்தூள். வட இந்தியாவில் மழைக்காலத்தில் சாலையோரம் புட்டா என்ற பெயரில் விற்கும் சுட்ட சோளத்துக்குப் போடுவது போல ஒரு சிட்டிகை கறுப்பு உப்பும் சேர்க்கலாம்.

நெய் மிளகு. நெய் 3 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 4 பல், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கொத்து. நெய்யை இளஞ்சூட்டில் வைத்துப் பூண்டின் பச்சை வாசனை போனதும் இறக்கிக் கறிவேப்பிலையைப் போட வேண்டும். தெளிந்த நெய்யைச் சுடும்போது தடவலாம். அடியில் தங்கிய பூண்டையும் புதிதாக இடித்த மிளகு 2 தேக்கரண்டியையும் தேவையான உப்பையும் இறக்கிய பின் சேர்க்க வேண்டும்.

சப்போரோ சோயா. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகரின் ஒடோரி பூங்காவில் சோளத்துக்கென்றே வண்டிகள் நிற்கும். சோயா சாஸ் தடவிச் சுட்ட கதிர் அந்த ஊர்க் கோடையின் சுவை. சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம். மூன்றையும் சூடாக்கிக் கலந்து, கதிர் முக்கால்வாசி வெந்த பின், கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு தடவை பூச வேண்டும். முன்னதாகப் பூசினால் சர்க்கரை கரியாகும்.

மெக்சிகோ எலோத்தே. மக்காச்சோளம் பிறந்த மண் மெக்சிகோ. அதன் தென்மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்தே என்ற காட்டுப் புல்லைச் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வளர்த்து வளர்த்து இந்தப் பயிராக்கினார்கள். இளங்கதிருக்கு அங்கே நாவாட்டில் மொழியிலிருந்து வந்த பெயர் எலோத்தே. குச்சியில் செருகிய கதிரின் மேல் மயோனைஸும் புளித்த கிரீமும் பூசி, கொத்திஹா என்ற உப்பான உலர்ந்த பாலாடைக்கட்டியைத் துருவி உருட்டி, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து தெருவில் விற்கிறார்கள். வீட்டில் மயோனைஸ் அரைக் கப், தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் அரைக் கப், உப்புப் பிசறிய பன்னீர்த் துருவல் ஒரு கப், மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லி ஒரு பிடி. மயோனைஸ் முட்டையில்லாததாக இருக்கட்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸால் நோய் பரவும் ஆபத்தைக் காட்டி, 2025 ஏப்ரலில் தமிழக அரசு அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. எந்த மயோனைஸானாலும் கோடை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஐஸ் நிரப்பிய பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துப் பரிமாறலாம்.

நால்வருக்கும் நாற்பது பேருக்கும்

நால்வருக்குச் சுடுவது சுகம். ஆள் கூடும்போது அவசரம் வந்து கெடுக்கும். 12 பேர் வரும் மாலைக்கு 15 கதிர் வாங்கலாம்; குழந்தைகளுக்கு அரைக் கதிர் போதும். பச்சைக் கதிரைக் கத்தியால் வெட்டுவது கடினம், வழுக்கும். சுற்றிலும் மணிகளுக்கிடையே கத்தியால் கீறிவிட்டுக் கையால் ஒடித்தால் நேராக முறியும்.

ஸ்வீட் கார்னை மதியமே கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் மூடி வைத்துவிட்டால் மாலையில் 5 நிமிடத் தணல் போதும். ஒரு தடவைக்கு ஆறு கதிர் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் எல்லோர் கையிலும் சோளம் இருக்கும். சுட்டதைச் சூடு ஆறாமல் வைக்க உரித்துப் போட்ட பச்சை உறைகளே உதவும். அவற்றை ஹாட்பாக்ஸின் அடியில் பரப்பி, மேலே கதிர்களை அடுக்கி, ஒரு பருத்தித் துணியால் மூடலாம். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். கதிர் நமுத்துப் போகாது.

ஒருவர் நெருப்புக்கு, ஒருவர் மசாலாவுக்கு என்று முன்பே பிரித்துக்கொள்வது நல்லது. கரிக் கையோடு எலுமிச்சை பிழிய முடியாது. இடுக்கி நீளமாக இருக்கட்டும். நைலான் புடவை, காற்றில் பறக்கும் துப்பட்டா இரண்டும் தணலருகே வேண்டாம். மாடியில் துணி காயும் கொடிக்கும் அடுப்புக்கும் இடையே நல்ல இடைவெளி விட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை அறைக்குள் தூக்கி வந்து கதவை மூடுவது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; மூச்சு முட்டும் முன்பே மயக்கம் வரும். அணைந்தது போலத் தெரியும் கரியும் மறுநாள் காலை வரை உள்ளே கனன்றிருக்கும், எனவே தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

மிச்சமானால்

மீந்த கதிர்களை அன்றிரவே உதிர்த்துவிட வேண்டும். கதிரை அகலமான பாத்திரத்தில் நிறுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கத்தியை இறக்கினால் மணிகள் வரிசையாக விழும். மெக்சிகோவில் இப்படி உதிர்த்த மணிகளை மிளகாய், எலுமிச்சை, மயோனைஸ் சேர்த்துக் கோப்பையில் தருவார்கள், பெயர் எஸ்கித்தெஸ். நம் வீட்டுக்கு அது மறுநாள் மாலைச் சுண்டல். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, மணிகளைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, தேங்காய்த் துருவலும் மாங்காய்த் துண்டும் தூவினால் போதும். சுட்ட வாசனை ஏற்கெனவே மணிக்குள் இருப்பதால் வேறு மசாலா தேவைப்படாது.

உதிர்த்த நடுத்தக்கையையும் எறிய வேண்டாம். நான்கைந்து தக்கைகளை ஒடித்து, ஒரு வெங்காயமும் பத்து மிளகும் சேர்த்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், லேசான புகை வாசனையோடு இளமஞ்சள் சாறு கிடைக்கும். ஒரு பிடி சோள மணியை அரைத்து அதில் கரைத்தால் நான்கு பேருக்கு இரவு சூப் தயார்.